எங்கள் ஃபுல்பேக்கை வெம்பிளிக்குக் கொடுத்தோம்

முதலில் நான் நம்பிய மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஹவுன்ஸ்லோ ஹாக்கி அணியின் ஃபுல்பேக்கை வெம்பிளி அணிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்த அந்தச் செப்டம்பர் ஞாயிறன்று, அது என்னைப் பிடிப்பதற்காக விரித்த வலை என்று நம்பினேன். எங்கள் லீக்கின் ஐந்து அணித் தலைவர்களும் எனக்குத் தெரியாமல் கூடி, "இந்த ஆள் ஒன்பது வருடமாக நம்மை ஏமாற்றுகிறான், இவனுக்கு முன்னால் நிற்கிறவரை எடுத்துவிட்டால் சாயம் வெளுத்துவிடும்" என்று பேசி முடித்திருப்பதாகவே எனக்குத் தோன்றியது. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அதாவது, வழக்கமாக மூன்று தடவை போட்டுக்கொள்கிறவன் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

வெளுக்க வேண்டிய சாயம் இதுதான். நான் அந்த அணியின் கோல்கீப்பர். அந்த அணியில் சேரும்வரை ஹாக்கி ஸ்டிக்கை நான் கையால் தொட்டதில்லை.

தப்பு என்னுடையது மட்டும் இல்லை. நான் கோவில்பட்டிக்காரன். எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு ஹாக்கி ஆட்டக்காரர் மேல்தான் விழ வேண்டும் என்பார்கள். உண்மைதான். தடுக்கி விழுகிற ஆள் நான். ஆட்டக்காரர் வேறு யாராவது. போட்டி நடக்கும் நாட்களில் கேலரியில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றதுதான் எனக்கும் அந்த விளையாட்டுக்கும் இருந்த தொடர்பு. லண்டனுக்கு வேலைக்கு வந்த புதிதில், ஒரு பிறந்தநாள் விருந்தில் பக்கத்து நாற்காலிக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர், ஹீத்ரோவில் பயணப்பெட்டிகள் ஏற்றி இறக்கும் பகுதிக்கு மேற்பார்வையாளர், என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"கோவில்பட்டியோ? அப்ப நீங்கள் ஹொக்கிக்காரர்தான் அண்ணை."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாயில் வடை இருந்தது. தலைக்கு வேலை எதுவும் இல்லை, ஆடிவிட்டது. அடுத்த ஞாயிறே மைதானத்தில் நின்றேன். ஓடத் தேவையில்லாத இடம் எது என்று நாசூக்காக விசாரித்தேன். கோல் என்றார்கள். கோவில்பட்டி ஆள் கோலில் நிற்கிறாராம் என்ற செய்தி சவுத்ஹால், ஹாரோ, வெம்பிளி எல்லாம் பரவியதில், எதிரணி ஃபார்வர்டுகள் சிலர் என்னைப் பார்த்ததும் மரியாதையாகத் தூரத்திலிருந்தே அடித்து வெளியே விட்டார்கள். அலுவலகத்தில் மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளில் என் பிழையை எவரும் கண்டுபிடிக்காமல் பார்த்துக்கொள்வது உத்தியோகம்.

அதை எனக்காகப் பார்த்துக்கொண்டவர் எங்கள் ஃபுல்பேக். மலேசியாவில் ஈப்போக்காரர். எழுபதுகளின் கடைசியில் படிக்க வந்து, இங்கேயே தங்கி, கவுன்சிலில் சாலைப் பொறியாளராக இருந்தார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். பரந்த உடம்பு, சிறிய கால்கள், அவசரமே இல்லாத நடை. எனக்கு முன்னால் பத்து எட்டு தள்ளி நின்று முழு ஆட்டத்தையும் தோளுக்கு மேலே பேசியே நடத்துவார். "இடது பக்கம் வா. இன்னும். நில்லு. இப்ப முன்னால." நான் ரிமோட்டுக்குக் கட்டுப்பட்ட பொம்மை மாதிரி நகர்வேன். பந்து பெரும்பாலும் அவருடைய ஸ்டிக்கோடு நின்றுவிடும். தப்பி வந்தால், அவர் என்னை நிறுத்தி வைத்த இடத்தில் என் கால்மெத்தை இருக்கும். பந்து அதில் தானாக வந்து மோதும். பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள். நான் தலைக்கவசத்துக்குள் பணிவாகச் சிரிப்பேன். ஹீத்ரோவில் இறங்கும் விமானம் தலைக்கு மேலே தாழ்ந்து போகும் அரை நிமிடம் மட்டும் அவர் குரல் கேட்காது. அந்த அரை நிமிடங்களில் சாமி கும்பிடுவேன்.

எங்கள் லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. ஐந்து அணிகளும் வார நாட்களில் வேறு வேறு வேலை செய்கிற நடுத்தர வயது ஆட்கள். வருடக்கணக்கில் அதே முகங்கள் என்றால் சலித்துவிடும், சண்டையும் வரும். அதனால் பருவம் தொடங்குமுன் தலைவர்கள் வெம்பிளியில் ஒரு சைவ உணவகத்தின் பின்னறையில் கூடி, ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வார்கள். ஆளைப் பெறுகிற அணி, கொடுக்கிற அணி முழுவதற்கும் அன்றே விருந்து வைக்க வேண்டும். வழக்கமாகக் கைப்பிடி உடைந்த பாத்திரத்தைத்தான் மாற்றுவார்கள். தொடர்ந்து தாமதமாக வருகிறவர், நடுவரோடு சண்டை போடுகிறவர், யாருக்கும் பந்தைத் தராதவர் என்று. அந்த வருடமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, சாப்பிடுவதற்கென்றே போயிருந்தேன். இரண்டாயிரத்து ஏழோ எட்டோ. அந்த வருடம் கரைந்துவிட்டது, குஜராத்திப் பலகாரமான டோக்ளா மட்டும் நினைவில் இருக்கிறது.

எங்கள் தலைவர், அதே யாழ்ப்பாணத்துக்காரர், பின்னறையிலிருந்து வெளியே வந்து, ஃபுல்பேக்கை வெம்பிளிக்குக் கொடுத்துவிட்டோம், பதிலுக்கு அவர்களுடைய ஃபார்வர்டு ஒருவர் நமக்கு வருகிறார் என்று அறிவித்தார். வருகிறவர் குஜராத்திக்காரர், முப்பது வயது, மருந்துக்கடைக்காரர், காற்று மாதிரி ஓடுவாராம். எங்கள் ஆட்கள் மேசையைத் தட்டினார்கள். எங்களிடம் ஓடுகிற ஆள் என்று யாரும் இல்லாமல் ஆறேழு வருடம் ஆகியிருந்தது. ஃபுல்பேக் மூலையில் உட்கார்ந்து, தன்னைக் கொடுத்ததற்கான விருந்தைத் தானே நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த டோக்ளா தட்டில் விழுந்தது.

மறுநாள் தலைவரைத் தொலைபேசியில் பிடித்தேன். விசுவாசம், நன்றி, இத்தனை வருட உழைப்பு என்று பெரிய பெரிய வார்த்தைகளாகப் பேசினேன். என் வாழ்க்கையில் பிறருக்காக அத்தனை உருக்கமாகப் பேசியதில்லை. அன்றும் பிறருக்காகப் பேசவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தான் ஃபுல்பேக் இடத்துக்கு இறங்கப்போவதாகச் சொன்னார். அவர் வாழ்நாளில் அந்த இடத்தில் ஆடியதில்லை. அதைச் சுட்டிக்காட்டினேன்.

"அதுக்கென்ன அண்ணை? பின்னுக்கு நீங்கள் நிக்கிறீங்கள்தானே. எனக்கென்ன பயம்?"

அவருக்குப் பயம் இல்லை. இருந்த மொத்தப் பயமும் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. வலை என்ற என் நம்பிக்கை அந்த நிமிடம் உறுதியாயிற்று. எத்தனை இனிமையாகப் பேசுகிறான் பாருங்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்து அணியிலிருந்த ஒவ்வொருவரையும் அழைத்து, ஃபுல்பேக்கைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஒரு கடிதத்தில் கையெழுத்துக் கேட்டேன். மருந்துக்கடைக்காரர் எவ்வளவு வேகம் என்று எல்லோரும் என்னிடமே விசாரித்தார்கள். கடிதத்தில் ஒரே ஒரு கையெழுத்து விழுந்தது. அழகான கையெழுத்து. என்னுடையது.

மிச்சம் இருந்தது அவரையே பார்ப்பது. புதன்கிழமை மதிய இடைவேளையில் ஹவுன்ஸ்லோ கடைத்தெருவுக்கு அருகே அவர் வேலை பார்க்கும் இடத்துக்குப் போனேன். சாலையின் நடுவே ஒரு பள்ளம், அதைச் சுற்றிக் கூம்புகள், பள்ளத்தின் விளிம்பில் மஞ்சள் மேலாடையோடு அவர். மைதானத்தில் எப்படி நிற்பாரோ அப்படியே நின்றார். ஒரு கார் அவரைத் தாண்டிப் போகத் துணியாமல் நின்றது.

"என்னா மச்சான், மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

கொட்டித் தீர்த்தேன். தலைவர் உங்களுக்குத் துரோகம் செய்துவிட்டார், இத்தனை வருடம் உழைத்தவரை இப்படியா தூக்கிக் கொடுப்பது, நீங்கள் ஒரு வார்த்தை முடியாது என்று சொன்னால் போதும், ஆளின் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது என்று விதியே இருக்கிறது என்றேன். அவர் பள்ளத்துக்குள் இருந்த ஆளிடம் ஏதோ சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நான்தான் கேட்டேன் லா."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார்.

"பதினாலு வயசுல ஸ்டிக்கைப் புடிச்சேன். எப்பவும் பேக்குதான். ஒரு கோல்கூட அடிச்சதில்ல. உங்ககூட ஒன்பது வருஷம், அந்த இருபத்தஞ்சு கஜக் கோட்டக்கூடத் தாண்டல. ஏன் தெரியுமா? முன்னால போலாம்னு ரெண்டு எட்டு வைப்பேன். திரும்பிப் பாப்பேன். நீ நிப்ப."

நான் காலடியிலிருந்த கூம்பை நேராக்கி வைத்தேன்.

"வெம்பிளிக்காரங்க ஷார்ட் கார்னர் என்னை அடிக்கச் சொல்றாங்க. நாப்பத்தொன்பது வயசாச்சு மச்சான். ஒண்ணு அடிக்கணும்."

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. நான் எப்படி ஆடுகிறவன் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"முத நாளே தெரியும். இடது கால் கிக்கரை வலது கால்ல மாட்டிட்டு வந்த. கோவில்பட்டில அப்படித்தான் மாட்டுவாங்களான்னு கேக்கலாம்னு இருந்தேன். அப்புறம், கோல்ல நிக்க வேற எவனும் வரல. நீ வந்த. சரி, இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

கோல்கீப்பரின் காலில் ஷூவின் மேல் மாட்டுகிற தடித்த ரப்பர் உறைதான் கிக்கர். ஒன்பது வருடம் நான் காத்த பரம ரகசியம், முதல் நாள் முதல் நிமிடத்திலேயே ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. அண்ணே, நீங்க போயிட்டா நான் செத்தேன் என்றேன்.

"சாவமாட்ட. ஒன்பது வருஷமா காது குடுத்து கேட்டல்ல? போய் ஆடு," என்று சொல்லிவிட்டு, நின்றுகொண்டிருந்த காரைப் போகலாம் என்று கையசைத்தார். எனக்கும் அது பொருந்தும் போல இருந்ததால் நடந்தேன்.

பெரிய மனிதர் மாதிரி நடந்து வந்தேனே தவிர, வீடு சேர்வதற்குள் பழைய கோழைத்தனம் வந்துவிட்டது. பருவத்தின் முதல் ஆட்டமே வெம்பிளியோடு, அக்டோபர் முதல் வாரம். அதற்கு முந்தைய சனிக்கிழமை எனக்குத் திடீரென்று முழங்கால் வலி வந்தது. என் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். வீட்டில் நர்ஸை வைத்துக்கொண்டு வலி நடிப்பது, போலீஸ் ஸ்டேஷனில் போய்த் திருடுவது மாதிரி. காலையில் கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டினேன். குளித்துவிட்டு வந்து மறுபடியும் கட்டினேன். அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, வலி வலது காலா இடது காலா? காலைல அது, இப்ப இது. முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி மாத்திரை தர்றேன்."

கட்டை அவிழ்த்துவிட்டேன். அவள் தோட்டத்துக் கொட்டகையில் இருந்த, கால்மெத்தையும் கவசமும் திணித்த என் நாற்றப்பையை, ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, தானே எடுத்து வந்து காரில் வைத்தாள். இனித் தப்ப வழியில்லை.

ஞாயிறு இரண்டு மணி. மழை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துச் செயற்கைப் புல்தரையில் மணல் நனைந்து காலில் ஒட்டியது. எதிர்ப்பக்கம் வெம்பிளியின் நீலச் சட்டையில் அவர் நின்றார். எங்களுடைய பச்சையில்தான் அவரைப் பார்த்துப் பழக்கம். நீலத்தில் சற்று மெலிந்து தெரிந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். தலைக்கவசம் கனமாக இருந்ததால் பதில் மரியாதை கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது.

ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, வெம்பிளியின் இருவர் பந்தோடு இறங்கினார்கள். என் முன்னால் அந்தப் பரந்த முதுகு இல்லை. எங்கள் தலைவரின் ஒல்லி முதுகு இருந்தது. பயமே இல்லை என்ற மனிதர் வலப்பக்கம் இரண்டடி, இடப்பக்கம் இரண்டடி என்று தவித்து, சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணை, நான் எங்க நிக்கிறது?"

கோவில்பட்டிக்காரனைக் கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பின்னால் எந்த வலையும் இல்லை, சதியும் இல்லை. பாவம், அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. என்னை யாரும் பிடிக்க நினைக்கவே இல்லை. எல்லோரும் என்னை நம்பிக்கொண்டிருந்தார்கள், அதுதான் மொத்த விவகாரமும்.

என் வாய் திறந்தது. "இடது பக்கம் வா. இன்னும். நில்லு லா. அவனை வெளிய தள்ளு."

அவர் வந்தார். நின்றார். தள்ளினார். நெருக்கடியில் அந்த ஃபார்வர்டு கோணலாக அடித்த பந்து என் வலப்பக்கம் வந்தது. நான் அங்கே ஏற்கனவே நின்றிருந்தேன். எப்படிப் போனேன் என்று இன்றுவரை தெரியாது. காலால் உதைத்து வெளியே விட்டேன். சும்மா இருந்த காலில் பந்து வந்து மோதியதற்கும், காலை நீட்டிப் பந்தை உதைப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்னவென்று நாற்பத்தைந்தாவது வயதில் தெரிந்தது. தலைவர், ஏன் அண்ணை திடீரென்று மலேசியத் தமிழ் கதைக்கிறீங்கள் என்று கேட்டபிறகுதான், என் வாயிலிருந்து வந்த "லா" எனக்கே உறைத்தது. ஒன்பது வருடம் தோளுக்கு மேலே கேட்டது முழுவதும் உள்ளே அப்படியே அடுக்காகக் கிடந்தது. அன்று ஆட்டம் முடிகிறவரை நான் பேச்சை நிறுத்தவில்லை. விமானம் போகிறபோது இன்னும் உரக்கக் கத்தினேன்.

மருந்துக்கடைக்காரர் சொன்னபடியே காற்றாக ஓடினார். இடைவேளைக்கு முன் ஒன்று, பின் ஒன்று, இரண்டு கோல். எங்கள் ஆட்கள் அவரைக் கட்டிப் பிடிக்கப் போவதற்குள் அவர் நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்துவிடுவார். அவரைக் கட்டிப் பிடிக்கக்கூட எங்களால் ஓட முடியவில்லை.

இரண்டுக்குப் பூஜ்யம் என்று இருக்கையில் வெம்பிளிக்கு ஷார்ட் கார்னர் கிடைத்தது. கோல்கோட்டுக்குப் பின்னால் நாங்கள் ஐந்து பேர் குனிந்து நிற்க, அவர்கள் பந்தை வட்டத்தின் உச்சிக்குத் தள்ளிவிட்டு அங்கிருந்து ஒரே அடி அடிப்பார்கள். உச்சியில் எங்கள் பழைய ஃபுல்பேக் நின்றார். நான் முதல் எட்டு எடுத்து வைக்கும் முன்பே எனக்குப் பின்னால் கோல் பலகை "டப்" என்று அதிர்ந்தது. அத்தனை வேகம் அந்தக் கைகளில் இருந்தது ஒன்பது வருடமாக எங்கள் யாருக்கும் தெரியாது. அவர் ஸ்டிக்கைத் தூக்கவில்லை, குதிக்கவில்லை. இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெம்பிளிக்காரர்கள் அவரைச் சூழ்ந்தார்கள். கோல் வாங்கிய கோல்கீப்பர் கைதட்டக் கூடாது என்று எங்கும் எழுதியில்லை. கையுறையோடு தட்டினேன், சத்தம் வரவில்லை.

அதன்பிறகு இருபது நிமிடம் அவர்கள் எங்கள் பக்கத்தை விட்டுப் போகவே இல்லை. நான் இரண்டு முறை விழுந்து தடுத்தேன், ஒரு முறை தலைவர் தன் தாடையால் தடுத்தார். நேரம் முடிகிற தறுவாயில் மறுபடியும் ஷார்ட் கார்னர். நேரம் முடிந்தாலும் அந்த ஒரு கார்னரை ஆடிவிட்டுத்தான் ஆட்டம் முடியும். மறுபடியும் உச்சியில் அவர்.

கோட்டுக்குப் பின்னால் குனிந்து கால்மெத்தையின் வாரை இழுத்துக் கட்டினேன். அவர் இன்று எனக்குக் கருணை காட்ட மாட்டார், இன்னொன்றும் அடிப்பார், அடிக்கட்டும், ஆனால் இந்த முறை நான் நின்ற இடத்தில் நிற்கக் கூடாது என்று மட்டும் நினைத்தேன். தலைவரிடம், நீ நேராக அவர் வலது கையை நோக்கி ஓடு, என் வலது மூலையை எனக்கு விடு என்றேன். ஓம் என்றார். யோசிக்கவில்லை, சந்தேகப்படவில்லை.

பந்து வெளியே போனது. அவர்கள் நிறுத்தினார்கள். நான் கத்திக்கொண்டே நான்கு எட்டு முன்னால் வந்தேன். தலைவர் அவருடைய வலப்பக்கத்தை அடைத்தார். அவர் அடித்தார். முந்தைய அடியைவிட வேகம் குறைவில்லை, என் வலப்பக்கம், தரையோடு தரையாக. முழு உடம்போடு சாய்ந்து காலை நீட்டினேன். கணுக்காலில் இடி விழுந்த மாதிரி இருந்தது. பந்து பக்கவாட்டில் பறந்து வட்டத்தை விட்டு வெகுதூரம் போனது. நடுவர் விசில் ஊதினார்.

அவர் வந்து, விழுந்து கிடந்த என்னைக் கையைப் பிடித்துத் தூக்கினார். தூக்குகிறபோது என் கால்களைக் குனிந்து பார்த்து, "சரியாத்தான் மாட்டியிருக்க," என்றார்.

ஆட்டம் இரண்டுக்கு ஒன்று. வென்றது நாங்கள். அந்த ஒன்றை அடித்தவர் அவர். அடுத்ததைத் தடுத்தவன் நான்.